உருகல் துளியில் நீர் 0.6% தான்: தட்டு வறண்டதா?

ஜாவா எரிமலை ஒன்றின் லாவாவில் எடுத்த ஆலிவின் என்ற கனிமப் படிகத்துக்குள் சிக்கிய உருகல் துளிகளில் (படிகம் வளரும்போது உள்ளே அடைபட்ட மாக்மா) நீர் 0.6% தான் வருகிறது, அங்கே மற்றொரு தட்டின் அடியில் அமிழும் புவித்தட்டு வறண்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அமிழ்வு மண்டலப் பசால்ட் மாக்மாவில் வழக்கமாக 2 முதல் 6% நீர் இருக்கும். சராசரி 4% அருகில்.

கோளாறு மாதிரியில்தான் என்று படுகிறது. 1,100 டிகிரி செல்சியசில் நீரின் ஹைட்ரஜன் ஆலிவின் வழியே கசிய மணிக்கணக்கு போதும். லாவா ஆறி முடிப்பதற்குள் துளி வற்றிவிடும். குவாத்தமாலாவின் ஃபுவேகோ எரிமலையின் 1974 வெடிப்புப் பொருள்களை ஒப்பிட்டபோது மெதுவாக ஆறியவற்றில் நீர் குறைந்தே இருந்தது. ஆகவே சீக்கிரம் ஆறிய, 2 செ.மீ.க்குள் உள்ள லாபிலியோ (எரிமலை வீசிய சிறு கற்கள்) சாம்பலோ தேடுங்கள்.

அதற்கு முன், கையிலுள்ள துளிகளிலேயே மைக்ரோபுரோபில் (எலக்ட்ரான் கற்றையால் வேதிக்கூறை அளக்கும் கருவி) கந்தகம் பாருங்கள். 1,000 பிபிஎம்முக்கு மேல் கந்தகம் இருந்தும் நீர் இல்லையென்றால், நீர் பின்னால் கசிந்தது. இரண்டுமே குறைவென்றால், மாக்மா மேலே வந்து வாயுவை இழந்த பிறகே துளி சிக்கியிருக்கிறது. இந்த இரண்டாவது வகைக்கு மருந்தில்லை, வேறு படிகம்தான்.

நீரை அளந்த அகச்சிவப்பு அளவீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். அகச்சிவப்புக் கற்றை செல்லும் துளை உருகல் துளியைவிடப் பெரிதானால் ஆலிவினும் சேர்ந்து அளவு குறையும். மாதிரியின் தடிமனில் 10% பிசகினால் நீரிலும் அவ்வளவே பிசகும். நிறமாலையில் 2,850–2,950 செ.மீ.⁻¹ பகுதியில் கூர்முனைகள் தெரிந்தால், மாதிரியை ஒட்டிய பசை மிச்சம். அசிட்டோனில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

தட்டிலிருந்து வந்த திரவத்தைப் பற்றிப் பேச பேரியம்–லாந்தனம் விகிதமே நம்பகம். அவை இரண்டும் ஹைட்ரஜன்போல் நழுவாது.