ரயில் நிலையத்துக்குள் ஓர் ஆறு

கேள்வி: பழைய நகரங்களில் மெட்ரோவுக்குத் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைக்கும் பண்டைக்காலப் பொருட்களை என்ன செய்கிறார்கள்? எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுமா?

பதில்: பெரும்பாலும் போய்விடும். ஆனால் சிலவற்றை அங்கேயே விட்டுவைத்த நிலையங்கள் உண்டு, எனக்குப் பிடித்தவை அவைதான். ஏதென்ஸில் மொனாஸ்திராக்கி நிலையத்துக்குள் ஒரு தடுப்பின் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தால், கீழே செங்கல் வளைவும் கல் சுவரும் தெரியும். அதுதான் எரிதனோஸ் ஆறு. பழைய ஏதென்ஸின் நடுவே ஓடிய சிற்றாறு. ரோமானியர் காலத்தில் அதன் மேல் வளைவு எழுப்பி மூடினார்கள், பிறகு சாக்கடையாயிற்று, கடைசியில் கண்ணிலிருந்தே மறைந்தது. மெட்ரோ தோண்டியபோது மறுபடி வெளியே வந்தது. நான் போனபோது, வந்த ரயிலை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். வேலைக்குப் போகிறவர்கள் பையும் கையுமாக என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்கு இது தினமும் பார்க்கிற ஆறு. ஒரு நகரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதே ஏதென்ஸின் சின்டாக்மா நிலையத்தில் வேறு விதம். வெட்டிய மண்ணின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். சுடுமண் தண்ணீர்க் குழாய், கல்லறை என்று ஒரு காலத்தின் மேல் இன்னொரு காலம் படிந்திருப்பதை நேராகவே பார்க்கலாம்.

சுரங்கப் பாதையால் இவ்வளவு சிக்கல் வருவதில்லை. துளைக்கும் இயந்திரம் மனிதர் வாழ்ந்த மண்ணடுக்குகளுக்குக் கீழே, ஆழத்தில் போய்விடும். நிலையமும் காற்றுப்போக்கியும்தான் மேலேயிருந்து திறந்து தோண்ட வேண்டியவை. அதனால் தொல்லியலாளர்கள் முதலில், இயந்திரம் பிறகு என்று வேலை நடக்கும். ஆண்டுக்கணக்கில் தாமதமாகும். ஆகட்டும் என்றுதான் சொல்வேன். ஏதென்ஸின் கெராமெய்கோஸ் பகுதியில் அப்படித் தோண்டியபோதுதான் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் இறந்தவர்களை மொத்தமாகப் புதைத்த குழி கிடைத்தது. அதிலிருந்த ஒரு சிறுமியின் மண்டை ஓட்டை வைத்து அவள் முகத்தை மறுபடி உருவாக்கினார்கள். அங்கே இருந்த பழைய இடுகாட்டைக் காப்பாற்ற ரயில் பாதையையே மாற்றினார்கள்.

கேள்வி: எடுத்து வைத்துவிட்டு, நிலையம் கட்டியபின் திரும்பப் பொருத்தினால் போதாதா?

பதில்: கிரேக்க நாட்டின் இன்னொரு நகரமான தெசலோனிக்கியில் அதைத்தான் செய்தார்கள். வெனிசெலூ நிலையத்தில் ரோமானிய, பைசாந்தியக் காலத்துப் பெருந்தெருவும் கடைகளும் வெளிப்பட்டன. பிரித்தெடுப்பதா, அப்படியே விடுவதா என்று நீதிமன்றம் வரை வழக்குப் போனது. கடைசியில் பிரித்தெடுத்து, திரும்பப் பொருத்தி, 2024 நவம்பரில் நிலையத்தைத் திறந்தார்கள். ஒன்றுமில்லாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் என் மனம் பிரித்தெடுப்பதை எதிர்த்தவர்கள் பக்கம்தான். கல்லை எண் போட்டு எடுத்துத் திரும்ப அடுக்கிவிடலாம், அதனடியில் படிந்திருந்த மண்ணை அடுக்க முடியாது. மெக்சிகோ நகரின் பினோ சுவாரெஸ் நிலையத்தில், 1967இல் கிடைத்த, அஸ்டெக் மக்களின் காற்றுக் கடவுளுக்கான பீடத்தை அது இருந்த இடத்திலேயே விட்டு, அதைச் சுற்றி நடைவழி அமைத்தார்கள். பயணிகள் இன்றும் அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்.

கேள்வி: மொனாஸ்திராக்கியில் இறங்கினால் மேலே என்ன பார்க்கலாம்?

பதில்: வெளியே வந்ததும் சதுக்கம். 1759இல் கட்டிய மசூதி, அதை ஒட்டி ரோமப் பேரரசர் ஹாத்ரியனின் நூலகம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்தில் அவிசீனியாஸ் சதுக்கத்தில் பழைய சாமான் சந்தை களைகட்டும். அப்புறம், நிலையத்துக்குத் திரும்பி முதலாம் தடத்தில் ஏறுங்கள். அது 1895இல் இங்கே வந்த பழைய தடம். அடுத்த நிலையமான தீசியோ பக்கம் போகும் ரயிலில் இடது ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரத்திலேயே பண்டைய அகோரா, அதாவது பழைய ஏதென்ஸ்காரர்கள் கூடிய சந்தைவெளி, தெரியும். அந்தக் காலத்தில் யோசிக்காமல் அதன் குறுக்கேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஏதென்ஸிலிருந்து தூரங்களை அளக்க மையமாக வைத்திருந்த பன்னிரு கடவுளர் பலிபீடத்தின் பெரும்பகுதி இன்னும் அந்தத் தண்டவாளத்துக்கு அடியில்தான் கிடக்கிறது.