கணினியும் குழந்தையின் கண்ணும்: கண் மருத்துவர் பதில்கள்

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆன்லைன் வகுப்பு முடிந்ததும் கண்ணைக் கசக்குகிறான். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

வேண்டாம், அம்மா. அந்தக் கண்ணாடியால் கண் அசதி குறையும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. எரிச்சலுக்குக் காரணம் இமைக்காமல் பார்ப்பதுதான். திரையில் ஆழ்ந்துவிட்டால் வழக்கத்தில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடுகிறது. ஏசி காற்றோ மேசை ஃபேனோ நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். எதிர் மாடியில் காயும் துணியாக இருந்தாலும் போதும்.

எட்டு வயது மகளுக்கு மைனஸ் ஒன்றரை பவர். எப்போதும் கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, பெரம்பூர்

இல்லை. இந்த நம்பிக்கையால் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டிவைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பஸ் அருகில் வந்து நிற்கும்வரை அதன் எண் தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் குழந்தையை நினைத்துப்பாருங்கள். வளரும் வயதில் கண்விழி நீளவாக்கில் நீண்டுகொண்டே போவதால்தான் பவர் ஏறுகிறது, கண்ணாடியால் அல்ல. குறைந்த பவரில் போட்டாலும் அந்த நீட்சி நிற்காது.

இந்த மைனஸ் பவர், அதாவது கிட்டப்பார்வை வராமல் தடுக்க நம் கையில் இருக்கும் நல்ல மருந்து பகல் வெளிச்சம். நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்கு அது வருவது குறைகிறது. விளக்குப் போட்ட அறையைவிட மர நிழலில்கூட வெளிச்சம் பல மடங்கு அதிகம். ஆகவே மே மாத உச்சி வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை. காலையிலும் மாலை நான்கரைக்கு மேலும் பூங்காவுக்கோ தெருவுக்கோ அனுப்புங்கள். உங்கள் மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் பாருங்கள். வேகமாக ஏறினால் குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்து உண்டு. அதை மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

மொபைலா, கணினியா, எது பரவாயில்லை?
– வாசகர், அம்பத்தூர்

கணினி. கை நீட்டும் தூரத்தில், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். படுத்துக்கொண்டு, போர்வைக்குள் மூக்கருகே மொபைல் பார்ப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

மொபைல் காட்டினால்தான் பேத்தி சாப்பிடுகிறாள். வயது ஒன்றரை.
– வாசகர், மயிலாப்பூர்

நிறுத்திவிடுங்கள், ஐயா. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாலைந்து நாள் அழுவாள். பிறகு பசிக்குச் சாப்பிடுவாள்.

பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றலாமா?
– வாசகி, தாம்பரம்

கீரை கண்ணுக்கு நல்லது, பவரைக் குறைக்காது.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?
– வாசகர், வியாசர்பாடி

பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை. மாறுகண் தெரிந்தாலோ, புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலோ மறுநாளே காட்டுங்கள். செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது.