“எனக்கு நியாயமே வேண்டாம்மா!”

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. தெரிந்தவன் ஒருவனாலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். புகார் கொடுத்த மறுவாரமே எஃப்.ஐ.ஆர். நகல் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் “ஏன் கத்தவில்லை?” என்று கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. குறுக்கு விசாரணை பாதியில் நிற்கிறது, அடுத்த மாதம் வாய்தா. “நியாயமே வேண்டாம்மா, வாபஸ் வாங்கிடலாம்” என்கிறாள். கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள் அம்மா. ஆனால், நினைத்தவுடன் வாபஸ் வாங்கிவிடவும் முடியாது. இது அரசு நடத்தும் வழக்கு. சம்மன் வரத்தான் செய்யும். பயத்தில் மாற்றிச் சொன்னால் பிறழ் சாட்சி என்பார்கள். அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும்.

கோர்ட் வராந்தாவில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எதிர் பெஞ்சில் குற்றம் சாட்டப்பட்டவனின் உறவுக்காரர்கள். இந்தப் பக்கம் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு, டவாலி எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கும் பெண். சாயங்காலம் “அடுத்த வாய்தா” என்று அனுப்பிவிடுவார்கள். எப்படிப்பட்ட பெண்ணுக்கும் இதில் மனசு விட்டுப்போகும்.

இவ்வளவும் சட்டம் தடுக்கச் சொன்ன கொடுமைகள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே அது சம்மதம் ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதை முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்ட குறுக்கு விசாரணையை நீதிபதி வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவன் முகம் தெரியாதபடி திரை, நடுவில் ஓய்வு, சம்பவம் பற்றிய கேள்விகளை எழுதிக் கொடுத்து நீதிபதி வழியாகக் கேட்பது எல்லாம் 2004 தீர்ப்பில் இருக்கின்றன. குறுக்கு விசாரணையைக் கூடுமானவரை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்றது 2022 தீர்ப்பு. ஆனால் நாமாகக் கேட்காவிட்டால் பல கோர்ட்டுகளில் இவை கிடைப்பதில்லை.

அதனால் வாய்தாவுக்குச் சில நாள் முன்பே அரசு வக்கீலைப் போய்ப் பாருங்கள். வெளியாட்கள் இல்லாத மூடிய அறை, திரை, காத்திருக்கத் தனி இடம், அன்றே முடிக்க வேண்டும் என்று எழுத்தில் மனு போடச் சொல்லுங்கள். அவர் அக்கறை காட்டவில்லையா? கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, வக்கீல் இலவசம். சட்ட உதவி எண் 15100-க்கும் போன் செய்யலாம். வழக்கு முடிவதற்கு முன்பே தரப்படும் இடைக்கால இழப்பீடும் அங்கேயே கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். கசிந்ததை விட்டுவிடாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் போலீஸ் அதிகாரியே பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொன்னதற்காக 2019-ல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். 2024-ல் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். கசிந்தபோதும் அதே தொகைதான். பொள்ளாச்சி விசாரணை மூடிய அறையில் நடந்தது. சாட்சிகள் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே மாதம் 9 பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதையெல்லாம் கேட்ட அப்புறமும் மகள் “இப்போது முடியாது” என்றால், மனநல மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். அதை வைத்து அரசு வக்கீல் மூலம் அவகாசம் கேட்கலாம்.