தினமும் வரைந்து பழகினால் மனித உருவம் வரைய வருமா?

நிச்சயம் வரும். அதற்கு நல்ல பயிற்சி விரைவுக் கோட்டுப்படம். அது ஒருவர் நிற்கும் நிலையை ஓரிரு நிமிடத்துக்குள் சில கோடுகளில் பிடிப்பது. முகமும் விரல்களும் பிறகுதான்.

நாம் கண் பார்ப்பதை வரைவதில்லை. மனத்தில் பதிந்த ‘கை’, ‘கண்’ என்ற அச்சுகளையே வரைகிறோம். அதனால்தான் தலை பெரிதாகிறது, கால் குட்டையாகிறது. வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு. நேரம் குறைந்தால் அச்சைத் தேட முடியாது. முதுகின் வளைவும் எடை ஊன்றிய காலும் தாளுக்கு வந்துவிடும். சென்னிமலையில் தறிக்குப் புதியவர் மிதியைப் பார்த்துப் பார்த்து மிதிப்பார். பழகியபின் கால் தானாக இறங்கும். வரையும் கையும் அப்படித்தான்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு ஒரு நோட்டுடன் போங்கள். கயிற்றை இழுத்துப் பிடிக்கும் உடல் அருமையான பாடம்!

ஒரே படத்தை அழித்து அழித்துத் திருத்தினால்தான் கை தேறும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல, ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு அடுத்த ஆளை வரையுங்கள்.