ஹோட்டல் படிப்புக்கு இனி எதிர்காலம் இருக்கிறதா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

"மகள் ஹோட்டல் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்கிறாள். எல்லா வேலையையும் ரோபோ செய்யும் காலம் வரும்போது அவளுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது அம்மா.

ஜப்பானில் நாகசாகி பக்கம் 2015-இல் ஹென்னா என்ற ஹோட்டலை ரோபோக்களை நம்பியே திறந்தார்கள். வரவேற்பு மேசையில் டைனோசர் ரோபோ நின்றது, ஆனால் பாஸ்போர்ட்டை நகலெடுக்க மனிதர்தான் வரவேண்டியிருந்தது. அறைக்குள் இருந்த பொம்மை ரோபோ குறட்டைச் சத்தத்தைப் பேச்சு என்று எண்ணி, தூங்குபவரை எழுப்பிக் கேள்வி கேட்டது. 2019-க்குள் ரோபோக்களில் பாதிக்கு மேல் வெளியேற்றப்பட்டன. இதைக் கேட்டு முழு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஹில்டன் போன்ற பெரிய நிறுவனங்களில் விருந்தினர் செயலியிலேயே அறையைத் தேர்ந்தெடுத்து, கைபேசியையே சாவியாக்கிக் கதவைத் திறக்கிறார். பெயர் எழுதிச் சாவி கொடுப்பது மட்டுமே வேலை என்றால், அந்த வேலை சுருங்கும். விமானம் ரத்தாகி, காய்ச்சலில் இருக்கும் குழந்தையோடு நள்ளிரவில் வந்து நிற்பவரைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரிந்தவருக்கு வேலை இருக்கும்.

பெற்றோர் பலர் கேள்விப்படாத ஒரு பிரிவைச் சொல்கிறேன்: ரெவின்யூ மேனேஜ்மென்ட். இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. அதனால் எந்த நாளில், யாருக்கு, என்ன விலை என்பதைத் தினமும் கணக்கிட ஒருவர் வேண்டும். 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற விமான நிறுவனம் வளர்த்தெடுத்த இந்த முறையைப் பிறகு மேரியட் நிறுவனம் ஹோட்டல் துறைக்குக் கொண்டுவந்தது. கணக்கை மென்பொருள் போடும்தான். ஆனால் பக்கத்தில் மாநாடு நடக்கப்போகிறது, விலையை இப்போது இறக்காதே என்று முடிவெடுப்பவர் மனிதர். உங்கள் மகளுக்குக் கணக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நான் முதலில் கைகாட்டுவது இந்தப் பக்கம்தான்.

இன்னொரு மாற்றம், கூட்டத்தைக் குறைக்க நினைக்கும் ஊர்கள். வெனிஸ் 2024-இல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பார்சிலோனா நகர நிர்வாகம் 2028-க்குள் சுற்றுலா வாடகைக் குடியிருப்புகளின் உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. ஆட்களை வரவழைக்க மட்டுமே கற்றவர்கள் இங்கே போதாது. கூட்டத்தைப் பிரித்து அனுப்பவும், தண்ணீரையும் குப்பையையும் கணக்கில் வைக்கவும், உள்ளூர் மக்களோடு பேசவும் தெரிந்தவர்களை நகர நிர்வாகங்களும் சுற்றுலா வாரியங்களும் தேட வேண்டியிருக்கும்.

துறையின் நிலையாமையையும் மறைக்க மாட்டேன். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் கணக்கில் 2019-இல் சுமார் 146 கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகளின் வருகை, 2020-இல் ஏறக்குறைய 40 கோடிக்கு விழுந்தது. 2024-இல் மீண்டும் 140 கோடியைத் தொட்டது. மீண்டது உண்மை, ஆனால் நடுவில் வேலை இழந்தவர்கள் ஏராளம். அதனால் தரவு, கணக்கு, இன்னொரு மொழி என வேறு துறையிலும் கைகொடுக்கும் ஒரு திறமையைச் சேர்த்தே படிக்கட்டும். இரவு ஷிஃப்டும், ஊரே விடுமுறையில் இருக்கும்போது வேலைக்குப் போவதும் இந்தத் தொழிலோடு வருபவை. அது அவளுக்குச் சம்மதமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். சம்மதமில்லை என்றால் நான் வற்புறுத்த மாட்டேன்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் சீருடையையும் பார்த்து மயங்காதீர்கள். இன்டர்ன்ஷிப்பில் மாணவர்களைக் கிச்சன், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆஃபீஸ் என எல்லாப் பிரிவுக்கும் மாற்றி அனுப்புகிறார்களா, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்களா என்று கேளுங்கள். ஹோட்டல்கள் பயன்படுத்தும் முன்பதிவு மென்பொருளைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார்களா என்றும் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் படித்து முடித்தவர்கள் இருவரிடமாவது உங்கள் மகளே நேரில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கும் கல்லூரிக்கு முன்பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.