மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லை. ஆனாலும் முன்பிருந்த சுறுசுறுப்பு குறைந்துவிட்டது. வயது ஏற ஏற உடலில் என்.ஏ.டி. என்ற பொருள் குறைகிறது என்றும், அதை ஈடுசெய்யும் மாத்திரைகளை உட்கொண்டால் இளமை திரும்பும் என்றும் நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். நானும் தொடங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் முதல் பாதிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, இரண்டாம் பாதிக்கு இல்லை.

என்.ஏ.டி. நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் துணைநொதி, அதாவது நொதிகள் வேலை செய்ய உதவும் மூலக்கூறு. உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் வேதிவினைகளில் எலெக்ட்ரான்களைச் சுமந்து செல்வது அதன் முதன்மையான வேலை, சேதமடைந்த டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் நொதிகளும் அதைச் செலவழிக்கின்றன. விளம்பரங்களைப் பார்த்தால் நேற்றுக் கண்டுபிடித்தது போலத் தோன்றும். ஆனால் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் நொதித்தலை ஆராய்ந்தபோது இதன் இருப்பை உணர்ந்தது 1906-இல். பி3 வைட்டமினின் வெவ்வேறு வடிவங்களிலிருந்து உடல் இதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

என்.ஏ.டி.யை அப்படியே விழுங்கினால் குடலிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆகவே அதன் மூலப்பொருள்களான நிகோடினமைடு ரைபோசைடு (என்.ஆர்.), நிகோடினமைடு மோனோநியூக்ளியோடைடு (என்.எம்.என்.) ஆகியவையே மாத்திரைகளாக அதிகம் விற்கப்படுகின்றன. இவற்றிலும் கணிசமான பகுதி குடலிலும் கல்லீரலிலும் சாதாரண நிகோடினமைடாக, அதாவது மலிவான பழைய பி3 வைட்டமினாக மாறிவிடுகிறது என்பதை விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை.

இந்த மாத்திரைகள் இரத்தத்தில் என்.ஏ.டி. அளவை உயர்த்துகின்றனவா என்று கேட்டால், உயர்த்துகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நடுத்தர வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்கள் தினமும் 1,000 மில்லிகிராம் என்.ஆர். உட்கொண்டபோது, இரத்த செல்களில் அந்த அளவு சுமார் 60 சதவீதம் கூடியது. ஆனால் அளவு உயர்வதும் உடல்நலம் மேம்படுவதும் ஒன்றல்ல; முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதும் நிரூபணமானது போலப் பேசுவதில்தான் இந்த வணிகமே நடக்கிறது. 2021-இல் வெளியான ஆய்வொன்றில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் 10 வாரங்கள் தினமும் 250 மில்லிகிராம் என்.எம்.என். உட்கொண்டனர். இன்சுலினுக்கு அவர்களுடைய தசைகள் இணங்கும் தன்மை மேம்பட்டது; ஆனால் எடையிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றமில்லை. அதற்கு முன்பே, உடல் பருமன் கொண்ட ஆண்களுக்கு 12 வாரங்கள் தினமும் 2,000 மில்லிகிராம் என்.ஆர். கொடுத்துப் பார்த்தபோது இன்சுலின் செயல்பாட்டில்கூடப் பலன் தென்படவில்லை. ஆயுள் நீட்டிப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பல ஆய்வகங்கள் சேர்ந்து முறையாக நடத்திய சோதனையில் எலிகளின் ஆயுளையே என்.ஆர். நீட்டவில்லை.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 அளவு, தூக்கத்தின் தரம் ஆகியவற்றைத்தான். சோர்வுக்கான காரணம் பல நேரங்களில் இவற்றிலேயே கிடைத்துவிடும்; அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என்.எம்.என். வெறும் வைட்டமின்தான், பக்க விளைவே இல்லை என்கிறார்கள். உட்கொள்ளலாமா?

பதில்: உங்கள் புற்றுநோய் மருத்துவர் ஒப்புக்கொள்ளாதவரை வேண்டாம். ஆரோக்கியமானவர்களிடம் சில வாரங்கள் அல்லது மாதங்கள் நடந்த ஆய்வுகளில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி போன்ற சிறு தொல்லைகளைத் தவிரப் பெரிய தீங்கு காணப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகள் குறுகியவை, அவற்றில் பங்கேற்றவர்களும் குறைவு. செல்கள் பெருக என்.ஏ.டி. தேவை, புற்றுநோய் செல்களும் அதற்கு விலக்கல்ல, என்.ஏ.டி. உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளையே புற்றுநோய்க்கு எதிராகச் சோதித்து வந்திருக்கிறார்கள். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர்களுக்கு நிகோடினமைடு கொடுத்தபோது, மெலனோமா (தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) அல்லாத புதிய தோல் புற்றுநோய்கள் 23 சதவீதம் குறைந்தன. அது வேறு நோய், வேறு சூழல் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று: பி3 வைட்டமின் அளவுக்கு மீறும்போது உருவாகும் கழிவுப்பொருள் ஒன்று இரத்தத்தில் கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் நேர்வதாக 2024-இல் ஓர் ஆய்வு கண்டது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. எனினும் பக்க விளைவே இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

கேள்வி: மாத்திரையைவிட நரம்பு வழியாக என்.ஏ.டி. ஏற்றிக்கொள்வது வேகமாகப் பலன் தருமா?

பதில்: சோர்வு நீக்கத்துக்கோ இளமைக்கோ அது பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு ஆதாரம் இல்லை. வேகமாக ஏற்றினால் குமட்டல், மார்பு இறுக்கம், வயிற்றுப் பிடிப்பு ஏற்படக்கூடும். அதனால்தான் பல மணி நேரம் மெதுவாக ஏற்றுகிறார்கள். ஊசி வழியே எதைச் செலுத்தினாலும் கிருமித்தொற்று அபாயமும் சேர்ந்தே வருகிறது. மாத்திரையானாலும் திரவமானாலும், தயாரிப்பாளரைச் சாராத ஆய்வகம் உள்ளடக்கத்தைச் சோதித்த சான்று இல்லாத பொருளை வாங்க வேண்டாம்.