கர்ப்பம் உறுதியாகும் முன்பே போலிக் அமில மாத்திரை ஏன்?

"நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகு மாத்திரை ஆரம்பித்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாமல் போகலாம். காரணம் கருவின் காலக்கணக்கு.

கருத்தரித்து மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கம் ஒரு தட்டையான தகடு உருவாகிறது. ஒரு வெற்றிலையைக் கையில் எடுத்து, இரண்டு ஓரங்களையும் மெல்லத் தூக்கி ஒட்ட வையுங்கள். அந்தத் தகடும் அப்படித்தான் மடிந்து குழாயாகிறது. ஏறக்குறைய 22ஆம் நாள் கழுத்துப் பகுதியில் ஒட்ட ஆரம்பித்து, தலைப்பக்கம் 25ஆம் நாளிலும் கீழ்ப்பக்கம் 28ஆம் நாளிலும் மூடிவிடும். மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் வருகின்றன. அப்போது கருவின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர்தான்!

கீழே மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு. மேலே மூடாவிட்டால் மூளையே சரியாக வளராது.

28ஆம் நாள் என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். பலருக்குச் சந்தேகமே அப்போதுதான் வரும். செல்கள் வேகமாகப் பெருக டி.என்.ஏ. பிரதி எடுக்க வேண்டும், அதற்கு போலேட் என்ற பி வைட்டமின் தேவை. மாத்திரையில் இருக்கும் அதன் வடிவம்தான் போலிக் அமிலம்.

1991இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வில், முன்பு இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தை பெற்ற தாய்மார் போலிக் அமிலம் எடுத்தபோது, மறுபடி அப்படி நேரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது.

முருங்கைக்கீரை, பாசிப்பயறு நல்லவைதான், ஆனால் கீரை வெந்த நீரைக் கொட்டினால் போலேட்டில் ஒரு பகுதியும் போய்விடும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, தினமும் 400 மைக்ரோகிராம் எடுங்கள். முந்தைய குழந்தைக்குப் பாதிப்பு இருந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை மருத்துவரே சொல்லட்டும்.